மன்னிப்புக்குப் பின்னால் வருகிற சொல்

நான் இங்கிலீசைப் பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பள்ளிக்கூடத்தில் படித்தது ஒரு பூனையும் அது குந்தியிருந்த பாயும்தான். மிச்சம் எல்லாவற்றையும் அரசாங்கக் கந்தோர்க் கடிதங்களில் படித்தேன். உருத்திரபுரத்தில் எங்கள் வாய்க்கால் வழியே இருந்தவர்களில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த குடியேற்றக்காரர். காணிக்காரரும் தமிழர், கந்தோரில் இருந்தவர்களும் தமிழர், ஆனால் நடுவே ஓடும் கடிதம் மட்டும் இங்கிலீசு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு சனம் எங்கள் வீட்டுக்கு வரும். எட்டாம் வகுப்பிலிருந்தே நான்தான் வாசித்துச் சொல்வேன்.

வாசிக்க வாசிக்க ஒன்று பிடிபட்டது. தமிழில் காணிக்கு, காணியில், காணியால் என்று எந்தச் சொல்லோடும் எந்த உருபையும் ஒட்டிக்கொண்டு போகலாம். இங்கிலீசுப் பெயர்ச்சொல் அப்படிச் சகலரோடும் சேராது. தனக்கென்று ஒரு சின்னச் சொல்லைப் பக்கத்தில் வைத்திருக்கும். விண்ணப்பம் என்றால் அப்ளிக்கேஷன் ஃபோர். தட்டுப்பாடு என்றால் ஷோர்ட்டேஜ் ஒஃப். யானை பயிரை அழித்தால் டமேஜ் டு. தண்ணீர் விடப் பிந்தினால் டிலே இன். இதற்கெல்லாம் நியாயம் கேட்டுப் பிரயோசனமில்லை. சாவுக்குக் காரணம் என்றாலும் சுணங்கியதற்குக் காரணம் என்றாலும் நமக்கு ஒரே காரணம்தான். அவர்களுக்கு முதலாவது கோஸ் ஒஃப், இரண்டாவது ரீசன் ஃபோர். இவற்றை ஒரு கொப்பியில் சோடி சோடியாக எழுதிவைத்தேன். ஒரு குடியேற்றக்காரனின் சீவியம் முழுவதும் இருபது முப்பது சோடிக்குள் அடங்கிப்போயிற்று. அதைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "பொம்பிளைப் பிள்ளைக்கு இங்கிலீசு என்னத்துக்கு?" என்று கேட்டவர்களின் கடிதங்களையும் நான்தான் வாசித்தேன் என்பதை இங்கே சொல்லியே ஆகவேண்டும்.

எனக்குப் பதினேழு வயதாயிருந்தபோது, ஒரு சித்திரையில், அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். ஒரு கிழமைக்குள் சிறுபோக வேளாண்மைக்குக் குளத்து மதகான துருசைத் திறந்து வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே தவணையில்தான் வரும். குறித்த நாளுக்குள் விதைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பக்கத்துக் காணிக்காரர் வந்து, தாங்களே உழுது விதைத்துத் தருவதாகச் சொன்னார்கள். அம்மா மறுத்துவிட்டார்.

"முப்பத்தொண்டு கழியட்டும். துடக்கு வீட்டு நெல்லை மண்ணில போடேலாது."

எங்கள் ஆட்களுக்குச் சாத்துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, முப்பத்தொரு நாள். அதுவரை கோயில் இல்லை, நல்ல காரியம் இல்லை. அம்மாவின் கணக்கில் விதைநெல்லைத் தொடுவதும் இல்லை. அது முட்டாள்தனம் என்று நான் சண்டை பிடித்தேன். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். துடக்குக் கழிந்தபோது தவணையும் கழிந்திருந்தது. சுற்றிவர எல்லா வயலும் பச்சையாக நிற்க, எங்களுடையது மட்டும் வெடித்துக் கிடந்தது.

ஆவணியில் ஒரு கடிதம் வந்தது. இந்த முறை எங்களுக்கே. காணியில் பயிர் செய்யத் தவறியமை: ஃபெயிலியர் டு. விவசாயத்தில் அக்கறையின்மை: லாக் ஒஃப், இன்டரெஸ்ட் இன். ஆகவே அரசாங்கம் காணிக்குத் தந்த பெர்மிற்றை ஏன் ரத்துச் செய்யக்கூடாது என்று காரணம் காட்ட வேண்டும், கந்தோருக்கு விசாரணைக்கு வர வேண்டும். அப்பா காடு வெட்டி, யானைக்கும் பன்றிக்கும் காவல் இருந்து உண்டாக்கிய வயலில் எங்களுக்கு அக்கறையில்லையாம். வாசிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. பயமும்தான். யாழ்ப்பாணத்தில் இருந்த துண்டு நிலத்தை விற்றுவிட்டு வந்தவர்கள் நாங்கள். இந்தக் காணி போனால் திரும்பிப் போக ஓரிடமும் இல்லை.

அம்மா சந்தியில் பெட்டிசம் எழுதுகிறவரிடம் போய் ஒன்று எழுதுவித்துக்கொண்டு வந்தார். வாசித்துப் பார்த்தேன். ஏழை விதவை, அடியாள், துரையவர்களின் கருணை என்று ஒரு பக்கம் நிறையக் கெஞ்சல். ஒவ்வொரு கெஞ்சலுக்குப் பின்னாலும் வரவேண்டிய சின்னச் சொல் பிழையில்லாமல் வந்திருந்தது. எங்கள் பக்கத்து நியாயம்தான் ஒரு வரிகூட இல்லை. அதைக் கொண்டுபோய் அடுப்புக்குள் வைத்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு நானே எழுத இருந்தேன். துடக்குக்குக் கொப்பியில் சொல் இல்லை. எந்தக் கந்தோர்க் கடிதத்திலும் அது வந்ததில்லை. இரண்டு நாள் முட்டி மோதிவிட்டு, விதைக்காததற்குக் காரணம் இறந்தவர் மீதிருந்த மரியாதை என்று எழுதினேன்: ரீசன் ஃபோர், ரெஸ்பெக்ட் ஃபோர். ரத்துச் செய்வதற்கு எங்கள் ஆட்சேபம்: ஒப்ஜெக்ஷன் டு. காணிக்கு எங்கள் உரிமை: ரைட் டு. கருணையை எங்கேயும் சேர்க்கவில்லை. நான் நம்பாத துடக்குக்காக நானே வாதாடினேன். என் அம்மாவை நான் முட்டாள் என்று சொல்லலாம், கந்தோர் சொல்லக்கூடாது.

விசாரணைக்கு இருந்த அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு வழக்குப் பேசுகிற ஆள் யாராவது வந்திருக்கிறாரா என்று எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எந்த அப்புக்காத்து எழுதித் தந்தது?"

"நான்தான் எழுதினனான்" என்றேன்.

அவர் கடிதத்தை ஃபைலுக்குள் வைத்தார். "பிள்ளை, துடக்கு எண்டால் எனக்கு விளங்கும். ஃபைலுக்கு விளங்காது" என்றார். ஒரு தாளை இழுத்து இரண்டு வரி எழுதி அம்மாவின் பக்கம் தள்ளினார். "இதில ஒரு கையெழுத்து வையுங்கோ அம்மா. அலுவல் முடிஞ்சுது, காணி உங்களுக்குத்தான்."

அம்மா பேனையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்னவாம் எழுதியிருக்கு?"

அப்போலஜி ஃபோர் என்று தொடங்கியிருந்தது. ஒன்றுமில்லை, வையுங்கோ என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் சரி. சொல்லத்தான் வாய் எடுத்தேன். ஆனால் இத்தனை வருஷம் ஊரில் ஒருவருக்கும் கடிதத்தை மாற்றி வாசித்ததில்லை, அம்மாவுக்கு மட்டும் எப்படி வாசிப்பது?

"விதைக்காமல் விட்ட குற்றத்துக்கு நீங்கள் மன்னிப்புக் கேக்கிறியளாம்."

அம்மா பேனையை மேசையில் வைத்தார். "அவர் செத்ததுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறதோ, ஐயா? உங்கட வீட்டில ஒரு சா விழுந்தால் நீங்கள் ஆரிட்டைப் போய்க் கேப்பியள்?"

அதிகாரியின் முகம் கறுத்தது. "அப்ப நான் மேலிடத்துக்கு அனுப்புறன். பதில் வருமட்டும் ஒருத்தரும் காணியில இறங்கக் கூடாது" என்று ஃபைலை மூடினார்.

திரும்பி வர பஸ் ஏறினோம். காணியைத் தொலைத்துவிட்டோம் என்றே நான் நினைத்தேன். ஆனாலும் அந்தத் தாளை அப்படியே மேசையில் விட்டுவிட்டு வந்ததில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

புரட்டாசிக் கடைசியில் மழை இறங்கியது. மழையில் விளைகிற காலபோகத்துக்குத் துருசுத் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்துக் காணிக்காரர் மாடுகளைக் கொண்டுவந்து உழுது தந்தார்கள். அம்மா விதைநெல் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரம்பில் ஏறினார்.

"பதில் இன்னும் வரேல்லை, அம்மா."

"வானத்துத் தண்ணிக்கும் பெர்மிற் கேக்கிறாங்களோ? நீ மற்றக் கடகத்தைத் தூக்கு."

தூக்கினேன். தெருவில் ஜீப் சத்தம் கேட்ட நேரமெல்லாம், கந்தோர் ஆட்களோ என்று நான் நின்று பார்த்தேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தை பிறந்து, அரிவு வெட்டி, சூடு அடித்து, நெல் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மாசியில் பதில் வந்தது. பெர்மிற் ரத்தாகாதாம், அம்மாவின் பெயருக்கு மாறுமாம். இனிமேல் காணியில் இறங்கி விதைக்க அனுமதி: பெர்மிஷன் டு. அம்மா குசினியில் அந்த வயல் அரிசியை உலையில் போட்டுவிட்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"விதைக்கட்டாம்."

அப்பா போனபிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

"சோறு வெந்திட்டுதெண்டு எழுது" என்றார்.