தேனீக்கள் எங்கள் வீட்டைத் தேடி வந்த நாள்

ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்காராத பிள்ளை என்று அம்மா என்னைப் பற்றிப் போனில் புலம்பாத ஆள் கிடையாது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வெஸ்ட் வின்ட்சரில் ஒரு அபார்ட்மெண்டில் குடியிருந்தோம். அங்கிருந்து அரை மணி நேரம் தள்ளி, சோளக்காட்டுக்கு நடுவே அப்பா ஒரு வீடு வாங்கினார். சாலையில் மொத்தமே ஏழெட்டு வீடுகள். எங்களைத் தவிர எல்லோரும் பண்ணைக்காரர்கள். தோழிகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்ததில், தோட்டத்து மூலையில் ட்ராம்போலின் போட்டுத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்தார். அதற்காகத்தான் சமாதானமானேன்.

எதிர்ப்பண்ணை ஒரு லிதுவேனிய அம்மாளுடையது. வீட்டைத் துடைக்க வந்த வாரக்கடைசிகளிலேயே, தபால் கொண்டுவரும் பெண்ணிடமிருந்து அம்மா அவருடைய முழுக் கதையையும் கறந்துவிட்டாள். யுத்தத்தில் ஊரை விட்டு ஓடி, ஜெர்மனியில் அகதி முகாமில் வளர்ந்து, பத்து வயதில் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தவராம். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கியவர், கணவர் போன பிறகு மூன்று மகன்களையும் பண்ணையையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்திருக்கிறார். பனிக்காலத்தில் எந்த வீட்டு வாசலை முதலில் வழிக்க வேண்டும், யார் வேலி யார் நிலத்தில் நிற்கிறது என்ற பஞ்சாயத்தெல்லாம் அவருடைய சமையலறையில்தான் நடக்கும். நரைத்த தாடி வைத்த மூத்த மகன்கூட அவர் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். எங்களுக்கு அவர் எதிர்வீட்டு ஆன்ட்டி. பார்த்தால் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிரகப்பிரவேசம். எடிசன் ஊர் இந்தியக் கடையில் வாங்கிய மாவிலையை அப்பா வாசலில் கட்டி முடித்த பத்தாவது நிமிடம், எங்கிருந்தோ ஒரு இரைச்சல். வானமே கறுத்த மாதிரி வந்த தேனீக்கள், வாசல் தூணில் ஒரு பலாப்பழம் அளவுக்குத் திரண்டு தொங்கின. அம்மா போட்ட சத்தத்தில் குருக்களே மந்திரத்தை நிறுத்திவிட்டார். முகூர்த்தம் போய்விடுமே என்று, பசும்பாலும் சாமி படமுமாக எல்லோரும் குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே கராஜ் வழியாக வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனோம். அடுத்து வந்த விருந்தாளிகள் காரைவிட்டு இறங்கவே இல்லை.

அப்பா பூச்சிமருந்து அடிப்பவர்களைப் போனில் பிடித்துவிட்டார். அரை மணியில் வருகிறார்களாம். அப்போதுதான் சாலையைக் கடந்து எதிர்வீட்டு ஆன்ட்டி வந்தார். கையில் ஒரு வெள்ளைத் துணி. பின்னால் மூத்த மகன், புதிதாக மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு மரப்பெட்டியைச் சுமந்து வந்து எங்கள் புல்லில் வைத்தார்.

"அந்த லேடிக்கு என்ன வேணுமாம்? ஓடிப்போய் கேட்டுட்டு வா" என்றார் அப்பா, போனைக் காதிலிருந்து எடுக்காமலே. ஓடுவதென்றால் எனக்குச் சொல்லவா வேண்டும்.

ஆன்ட்டியின் ஆங்கிலம் கரடுமுரடாக இருக்கும், ஆனால் எனக்குப் புரிந்தது. மருந்து அடிக்கக் கூடாது என்றார். இவை அவருடைய பெட்டியிலிருந்து பிரிந்து வந்த கூட்டமாம். அவருடைய நாட்டில் ஒரு வீட்டுத் தேனீ இன்னொரு வீட்டைத் தேடிப் போனால், அந்த இரண்டு வீடுகளும் சொந்தம் ஆகிவிடுமாம். அவற்றை விற்பதும் இல்லை, திருப்பிக் கேட்பதும் இல்லையாம். "இது இனி உங்கள் வீட்டுத் தேனீ. இங்கேயே இருக்கட்டும். நான் வாராவாரம் வந்து பார்த்துக்கொள்கிறேன், உன் அம்மாவுக்கும் சொல்லித் தருகிறேன்" என்று சொல்லி, பெட்டியை எங்கே வைக்கலாம் என்று கையை நீட்டிக் காட்டினார்.

காட்டியது என்னுடைய ட்ராம்போலின் மூலையை.

நான் கராஜுக்குத் திரும்பி ஓடுவதற்குள் அவர் சொன்னதில் முக்கால்வாசியை விழுங்கிவிட்டேன். "அதெல்லாம் அவங்க தேனீயாம்ப்பா. மருந்து அடிக்கக் கூடாதாம். திரும்ப வேணுமாம்" என்றேன்.

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அவ்ளோதானா! தாராளமா எடுத்துட்டு போகச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் அவரே வாசலுக்கு விரைந்தார். இரண்டு கைகளையும் கூப்பி, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றுகூட எங்களுக்கு வேண்டாம் என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். என் வாழ்நாளில் அவ்வளவு மரியாதையாக அவர் யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை.

ஆன்ட்டி அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

அவர் துணியை விரித்து, கையுறைகூட இல்லாமல் தேனீக்களை வழித்துப் பெட்டியில் இறக்கினார். மகன் பெட்டியைத் தூக்கிக்கொள்ள, இருவரும் சாலையைக் கடந்து போனார்கள். விருந்தாளிகள் கார்களிலிருந்து இறங்கிக் கை தட்டினார்கள். அடுத்த வாரம் ட்ராம்போலின் வந்தது. இரண்டு கோடையில் அதன் வலை கிழிந்துவிட்டது.

அதன் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவே இல்லை. கோபமெல்லாம் இல்லை. பனி விழுந்தால் எங்கள் வாசலும் வழிக்கப்பட்டது. கிறிஸ்துமஸுக்குச் சாலையில் எல்லா வீட்டுக்கும் போகும் தேன் பாட்டில் எங்களுக்கும் மகன் கையில் வந்தது. எனக்குத்தான் அவரைப் பார்க்கும்போதெல்லாம் இருப்புக் கொள்ளாது. அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை வாயெடுத்தேன். இன்றுவரை சொல்லவில்லை.

நான் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஆன்ட்டி இறந்துபோனார். அடக்கத்துக்கு அம்மாவும் நானும் போயிருந்தோம். சவப்பெட்டியை மூன்று மகன்களோடு இன்னும் மூன்று பேர் தூக்கினார்கள். தூரத்துப் பண்ணைக்காரர்கள், முகச்சாடையே வேறு. உறவினர்களா என்று பக்கத்திலிருந்த பெண்மணியிடம் கேட்டேன். ரத்த உறவு இல்லை, எப்போதோ இவருடைய தேனீக்கள் அவர்கள் வீடுகளுக்குப் போயினவாம், குடும்பத்தில் ஒருவர் மாதிரிதான் என்றாள். மூத்த மகன் எங்களிடம் வந்து, எதிர்வீட்டுக்காரர்கள் மெனக்கெட்டு வந்ததற்கு நன்றி என்று பதவிசாகக் கை கொடுத்தார்.

ஒன்பது வயதில் எனக்கு அவர் பேசிய ஆங்கிலம் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. ஊருக்கே உத்தரவு போட்டுப் பழகிய ஒருத்தி, அன்றைக்கு எங்கள் வாசலில் எங்களிடம் சொந்தம் கேட்டு நின்றாள் என்பதுதான் புரியவில்லை.