ராகு காலத்து இன்ஜின்

எங்கள் எஸ்யூவிக்கு இருபத்திரண்டு வயது. டுரியான் பழப் பருவத்தில் ஒரு நாள், பாலிக் பூலாவ் மலைப்பாதையில் அதன் இன்ஜினை நான் கொன்றேன். சூடு காட்டும் முள் ஏறுவதை என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

“என்னங்க, முள்ளு ஏறுது. ஓரமா நிறுத்துங்க.”

“இந்த வண்டிய பத்தி எனக்குத் தெரியாததா? மேட்டுல ஏறும், எறக்கத்துல எறங்கிரும் லா.”

இரண்டாவது முறையும் சொன்னாள். நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். இறக்கம் வருவதற்குள் வெள்ளைப் புகை கிளம்பி, உள்ளே சட்டி உருள்வதுபோல் ஒரு சத்தம் கேட்டு, வண்டி நின்றுவிட்டது. இழுவை லாரி வரும்வரை இரண்டு மணி நேரம் டுரியான் வாசத்தோடு சாலையோரம் நின்றோம். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நான் ரேடியேட்டரைக் குறை சொன்னேன், வெயிலைக் குறை சொன்னேன். அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் டவுனில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எனக்குக் கடல் பாலத்துக்கு அக்கரையில், புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. கெலுகோரில் எங்கள் வீட்டிலிருந்து பாலம் பக்கம்தான். ஆனாலும் பத்தொன்பது வருடமாகக் காலையில் டவுன் வரை போய் அவளை இறக்கிவிட்டு, திரும்பி வந்துதான் பாலம் ஏறுவேன். மறுநாள் காலை அவள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அண்ணன் காரை இரவல் வாங்கி வருகிறேன், அதில் போகலாம் என்றேன்.

“எங்க தியேட்டர்ல ஒரு நர்ஸு ‘டாக்டர், நில்லுங்க’ன்னு சொன்னா எவ்வளவு பெரிய டாக்டரும் நின்னு கேப்பாரு. நீங்க கேக்க மாட்டேங்கறீங்க. கேக்காத ஆளு பக்கத்துல நான் உக்கார மாட்டேன்,” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பருப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோல் சொன்னாள்.

பட்டறைக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு, “இன்ஜின் ஜாம். இரும்புக்குப் போட்ருங்கண்ணே,” என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேறு இன்ஜின் வாங்கி, என் கையாலேயே மாட்டி, வண்டியை ஓடவைத்துவிட்டால் அவள் மறுபடி ஏறி உட்கார்ந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். காலையில் அந்த இருபது நிமிடம்தான் நாங்கள் இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்ளும் நேரம். மோட்டார் சைக்கிளில் தனியாகப் பாலத்தைக் கடக்கும்போது அது இல்லாதது தெரிந்தது.

எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னாலேயே ‘ஹாஃப் கட்’ விற்கும் இடங்கள் இருக்கின்றன. ஜப்பானில் ஓடிய கார்களைக் குறுக்கே பாதியாக வெட்டி, முன்பாதியைக் கப்பலில் கொண்டுவந்து வரிசையாக அடுக்கியிருப்பார்கள். கடைக்காரர் ஒரு பாதிக் காருக்கு பேட்டரி கொடுத்து, வாளித் தண்ணீரில் குழாயைப் போட்டு, இன்ஜினை ஓட்டிக் காட்டினார். பாதிக் கார் நின்ற இடத்திலேயே அமைதியாக ஓடியதைப் பார்த்து எனக்கு அத்தனை மகிழ்ச்சி. அதையே கழற்றித் தரச் சொன்னேன்.

பழைய இன்ஜினை இறக்க மூன்று வாரக் கடைசிகள் பிடித்தன, புதியதை ஏற்றிப் பொருத்த இன்னும் இரண்டு மாதம். அடுத்த வீட்டு பாய் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர். பெரிய சட்டிகளைத் தூக்கிப் பழகிய கை. போர்ச்சில் இரவல் கிரேனை நிறுத்தி, நான் சங்கிலியை இழுக்க, அவர் இன்ஜினை அணைத்துப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, ஒரு சட்டி ஆட்டுக்கறிக் கொழம்பு இத விட லேசு,” என்பார். வேலை முடிந்ததும் கடையிலிருந்து நுரை பொங்க ஆற்றிய தேத்தாரே டீ வரவழைப்பார். எண்ணெய்க் கையோடு தரையில் உட்கார்ந்து குடிப்போம். இப்போது நினைத்தாலும் சந்தோஷமான நாட்கள்தான்.

மனைவி போர்ச்சுப் பக்கம் எட்டிப் பார்ப்பதோடு சரி. திறந்து கிடக்கும் குழாய்களில் திருகாணி எதுவும் விழாமலிருக்கத் துணி அடைக்க வேண்டும் என்று கேட்டபோது, என் பழைய சட்டைகளைக் கத்தரித்துக் கொண்டுவந்தாள்.

“பதினோரு துண்டு. மூடறதுக்கு முன்ன எண்ணிருங்க. நாங்க அப்படித்தான். பஞ்சு எண்ணிக்கை சரியா இல்லன்னா வயித்த தைக்கவே மாட்டோம்.”

“இது வயிறு இல்லம்மா, இன்ஜின்,” என்று சிரித்தேன். பாயும் சிரித்தார்.

எல்லாம் பொருத்தி முடிக்க வேண்டிய நாளும் ஞாயிறாகவே அமைந்தது. எங்கள் வீட்டு நாட்காட்டிப்படி அன்று நாலரை மணிக்கு ராகு காலம் பிறக்கிறது. நாள் முழுக்க இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிற எனக்கு, புதிதாக எதையும் ராகு காலத்தில் தொடங்கக் கை வராது. பாய்க்கோ அசர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போக வேண்டும், அதுவும் கிட்டத்தட்ட அதே நேரம். அவருக்கு அவர் அவசரம், எனக்கு என் அவசரம். மூன்றரைக்கு மேல் போர்ச்சில் இரண்டு பேரும் பறந்தோம். நான் ஒரு பக்கம் குழாய் மாட்டினால் அவர் மறுபக்கம் கிளிப்பை முறுக்கினார். பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்.

நாலு இருபத்தைந்துக்குச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் சுற்றியது. பிடிப்பதுபோல் உதறி, கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றது. மறுபடியும் அதே. ஐந்தாவது முறை பேட்டரி முனகத் தொடங்கியது. பாய் கடிகாரத்தைப் பார்த்தார். “வந்து பாக்கறேண்ணே,” என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வெறி ஏறிவிட்டது. ஸ்பேனரைத் தரையில் வீசினேன். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், ஓட்டிக் காட்டியது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று கத்திக்கொண்டு அவனைத் திட்டக் கைப்பேசியைத் தேடினேன். சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். ஒரு நிமிடம் புகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“துணிய எண்ணுனீங்களா?”

‘இதப்பத்தி எனக்குத் தெரியாததா’ என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். பாலிக் பூலாவ் சாலையில் இருந்த அதே முகம். மூன்றாவது முறை அவள் சொல்லப்போவதில்லை என்பது எனக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டு, எடுத்த துணிகளைப் போட்டிருந்த வாளியைத் தரையில் கவிழ்த்தேன்.

பத்து. மறுபடி எண்ணினேன். பத்துதான்.

இரண்டு பேருமாகத் தேடினோம். அவள் கைவிளக்கைப் பிடித்தாள், கை ஆடாமல், எனக்கு வேண்டிய இடத்தில் சரியாக. ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் தடித்த குழாயைக் கழற்றியதும் என் நீலக் கட்டம் போட்ட சட்டையின் கை உள்ளே பந்தாக அடைத்துக்கொண்டு இருந்தது. மூச்சுவிட வழியில்லாமல் இன்ஜின் எப்படி ஓடும்? நானே அடைத்து, நானே மூடியிருக்கிறேன். “பதினொண்ணு,” என்று வாங்கி வாளியில் போட்டாள்.

மணி ஐந்தே கால். ராகு காலம் நடு வீட்டில் உட்கார்ந்திருந்தது. ஆறு மணி வரை பொறுக்கலாமா என்று யோசித்தேன்.

“வயித்து வலின்னு வர்ற நோயாளிகிட்ட ஆறு மணி வரைக்கும் பொறுங்கன்னு சொல்ல முடியுமா? போடுங்க,” என்றாள்.

சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. கேட் பக்கம் வந்துகொண்டிருந்த பாய், “அல்ஹம்துலில்லாஹ்! ராகு காலத்துலயா அண்ணே?” என்று இரண்டு கையையும் தூக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகையால் என்று சொல்லிக்கொண்டேன்.

இன்ஜின் மாற்றினால் பரிசோதனை முடிந்து பதிவு செய்யும்வரை பெரிய சாலைக்குப் போகக்கூடாது. எங்கள் தாமான் குடியிருப்புக்குள் மட்டும் ஒரு சுற்று போய்ப் பார்க்கலாம் என்று அவளுக்காக இடது கதவைத் திறந்து பிடித்தேன். அவள் நேராக வலது பக்கம் போய் ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தாள். நான் திறந்து வைத்த இடத்தில் நானே ஏறிக்கொண்டேன்.

முதல் சுற்று முழுக்க நான்தான் பேசினேன். இன்ஜின் எவ்வளவு சத்தமில்லாமல் ஓடுகிறது, கியர் எப்படி வழுக்கிக்கொண்டு விழுகிறது, பட்டறைக்காரர் வந்து பார்க்கட்டும். இரண்டாவது சுற்றிலும் அதேதான். அவள் பாட்டுக்கு ஓட்டினாள். மூன்றாவது சுற்றில் சொல்வதற்கு இன்ஜினைப் பற்றி எதுவும் மிச்சமில்லை. விளையாட்டுத் திடலைத் தாண்டும்போது என் வாயிலிருந்து தானாக வந்தது.

“அன்னிக்கு நீ சொன்னப்ப நான் நிறுத்தியிருக்கணும். தப்பு என்னுது.”

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூணு மாசம் பஸ்ஸுல போனேன்,” என்றாள்.