திருப்பி வைத்த கதவு

நீலப் பெயிண்ட் பூசிய இரும்புத் தாழ்ப்பாள் அது. மழை நாளில் கொஞ்சம் இறுகிக்கொள்ளும். மலேசியாவில் கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த கழிவறைக் கதவின் உள்பக்கம் இருந்தது. இழுத்துப் போட்டால் 'டக்'கென்று ஒரு சத்தம். எழுபதுகளின் கடைசியில் அந்தச் சத்தம் எங்கள் பெண்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை இப்போது சொன்னால் சிரிப்பார்கள்.

அதற்கு முன் ரப்பர் மரங்கள்தான் மறைவு. மழை பெய்தால் எல்லாம் ஓடையில் போய்க் கலக்கும். குழாய் வற்றிய நாளில் அந்த ஓடைத் தண்ணீரைத்தான் குடித்தோம். எனக்கு அடுத்துப் பிறந்த தம்பி வயிற்றுப்போக்கில் போய்விட்டான். மறுபடி முழுகாமல் இருந்த அம்மாவிடம், இதுவாவது தங்குமா என்று கேட்காத ஆளில்லை.

அம்மாவைப் பார்க்க அரசாங்கக் கிளினிக்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் மிஸ்ஸி வருவார். தாதியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சிரம்பானில் வளர்ந்த கிறிஸ்துவர், வாய் கொஞ்சம் நீளம். சுகாதார இலாகாவும் தோட்ட நிர்வாகமும் சேர்ந்து கட்டிய புதுக் கழிவறைகளில் நாங்கள் விறகு அடுக்கியிருந்ததைப் பார்த்ததும் அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே! இந்த ஜனங்கள் திருந்தவே மாட்டார்கள் என்று தோட்டத்து மேனேஜரான துரை கைவிட்டுவிட்டார். மிஸ்ஸி விடவில்லை, வீடு வீடாக உட்கார்ந்து காரணம் கேட்டார். வேறு சாமி கும்பிடுகிறவரிடம் எப்படிச் சொல்வது என்று எல்லோரும் மென்று விழுங்கினார்கள். கடைசியில் அம்மாதான் சொன்னார்.

"கதவத் தொறந்தா நேரா முனியாண்டி நிக்கிறாரு மிஸ்ஸி. அவரு பாத்துக்கிட்டு இருக்கும்போது எப்படிப் போறது?"

சாமியை வேறு இடத்தில் வையுங்கள் என்றார் துரை. கோயில் தலைவராகவும் இருந்த மண்டோர், எங்கள் கங்காணி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு நின்றார். தன் வேலை முடிந்துவிட்டது என்றார் இலாகாக்காரர். மூவரையும் மிஸ்ஸி முனியாண்டி முன்னாலேயே வரவழைத்தார்.

"சாமிய நகத்த முடியாது. கதவ நகத்தலாம் லா."

 துரை பலகையும் சிமெண்டும் கொடுத்தார். இலாகா கழிவறை வாசல்வரை குழாய் இழுத்தது. மண்டோர் முனியாண்டிக்குச் சுருட்டு வைத்து உத்தரவு கேட்டார். உத்தரவு கிடைக்கும்வரை மிஸ்ஸியும் கைகட்டி நின்றார். ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் சேர்ந்து பின்சுவரை உடைத்துக் கதவு வைத்தார்கள், பழைய வாசலை அடைத்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் வேண்டும் என்று மட்டும் ஒரு ஆணுக்கும் தோன்றவில்லை. அம்மா கேட்டார், மறுவாரம் மிஸ்ஸி வாங்கி வந்தார்.

தம்பி பிறந்தான். தங்கினான். மிஸ்ஸி மாற்றலாகிப் போனபோது நன்றி என்று வாய்விட்டுச் சொல்லக்கூட எங்களுக்குத் தெரியவில்லை. அதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சிரம்பான் லோபாக்கில் இருக்கும் என் வீட்டுக்குத் தம்பி வந்தால், கைப்பேசியோடு கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான். லேசில் வரமாட்டான். என் பிள்ளைகள் பொறுமையிழந்து கதவைத் தட்டப் போவார்கள்.

"தட்டாதீங்க" என்பேன். "மாமா மெதுவா வரட்டும்."