ஞாயிற்றுக்கிழமை இருமல்

கிழமையில் ஆறு நாள் பரமலிங்கத்தின் நெஞ்சு கருங்கல்லுப் போல இருக்கும். ஞாயிறு மத்தியானம் சோறு தின்று கையைக் கழுவியதும் தொண்டைக்குள் யாரோ கருக்குமட்டையால் அராவுவது போலத் தொடங்கும். பிறகு இருமல். வெயில் தணியும் மட்டும் விடாத இருமல்.

"இஞ்சேருங்கோ, ஒரு திங்கக்கிழமையாவது இருமிக் காட்டுங்கோவன்," என்பாள் மனைவி விமலேஸ்வரி. தண்ணீர்த் தாங்கி கழுவுவது, தேங்காய் உரிப்பது, முருங்கைக் கொப்பு வெட்டுவது என்று அவள் சேர்த்து வைக்கும் வேலைகள் எல்லாம் ஞாயிறு பின்னேரத்துக்குத்தான். அந்த நேரம் பார்த்து மனுசன் கதிரையில் சரிந்து நெஞ்சைப் பிடித்தால் எந்தப் பெண்சாதி நம்புவாள்?

ஆஸ்பத்திரிக்கும் போனார். அது ஒரு புதன்கிழமை. டொக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒண்டுமில்லை, நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"ஞாயிற்றுக்கிழமை வந்து காட்டட்டோ?"

"ஞாயிற்றுக்கிழமை கிளினிக் இல்லை."

பரமலிங்கம் ஸ்கந்தபுரத்துக் குடியேற்றத் திட்டக் காணியில் பிறந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கிய தகப்பனுக்கு வாய்த்த மகனுக்குச் சேறு பிடிக்கவில்லை. நெல் விதைக்கிறதைவிட நெல்மூட்டை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிதான் பிடித்தது. மீசை அரும்ப முதலே ஒரு முதலாளியின் லொறியில் கிளீனராக ஏறினார். ஏ-ஒன்பது வீதியின் பள்ளங்களை எல்லாம் அவருடைய முதுகெலும்பு அறியும். ஓமந்தையில் சோதனைச் சாவடி இருந்த காலத்தில் லொறி வரிசையில் நின்றபடியே சமைத்துத் தின்றிருக்கிறார், கலியாணமும் பேசி முடித்திருக்கிறார். வரிசையில் முன்னுக்கு நின்ற லொறிக்காரரின் தங்கைதான் விமலேஸ்வரி.

இப்போது சொந்த லொறி. வவுனியா ரவுணில் பெரிய வீதிக்கு அடுத்த ஒழுங்கையில் சொந்த வீடு. லொறிக்கு வயது போய்விட்டது. அது ஒழுங்கையைத் திரும்பினால் கரும்புகையில் பட்டப்பகலிலேயே அந்தி சாய்ந்துவிடும். பக்கத்து வீட்டு கௌசலா ரீச்சர் சங்கீதம் படிப்பிக்கிறவர். லொறிச் சத்தம் கேட்டதும் யன்னல்களை ஒவ்வொன்றாக அடித்துச் சாத்துவார். அந்தச் சாத்தலிலேயே ஒரு தாளம் இருக்கும்.

போன வருசம் சித்திரை வெயிலுக்கு முன்னம் பல்கலைக்கழகத்திலிருந்து நிரோசினி என்றொரு பிள்ளை வந்தாள். நாயாற்றுப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. ரவுணின் காற்றை அளக்கிற பெட்டி ஒன்றை வைக்க, வீதிக்குக் கிட்டவாக ஒரு கொங்கிறீற் மேல்தட்டுத் தேடித் திரிந்தாள். பரமலிங்கம் உடனே சம்மதித்தார். பெட்டி ரேடியோவைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்கு அவர் தென்னோலையில் நிழல் கட்டப் போக, "ஐயோ ஐயா, அது வெயிலிலதான் ஓடுறது, சூரிய சக்தி," என்று தடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து கைபேசியில் ஒரு வரைபடத்தோடு வந்தாள்.

"ஐயா, ஒரு புதினம். ஞாயிறு மத்தியானங்களில இஞ்ச ஓசோன் கூடுது."

பரமலிங்கம் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். "ஞாயிறோ? மத்தியானமோ? இஞ்சேரும், விமலா! ஓடி வாரும்!"

குசினியிலிருந்து விமலேஸ்வரி அகப்பையோடு வந்தாள்.

"அது தொண்டையை அராவுமோ, பிள்ளை?"

"ஓம் ஐயா. சில பேருக்கு இருமலும் வரும்."

பரமலிங்கம் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவு காலமும் சேர்த்து வைத்த பார்வை. விமலேஸ்வரி விடவில்லை. "ஓசோன் நல்லதெண்டெல்லே பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவை? மேலை ஓட்டை விழுந்திட்டுது எண்டு அழுதவை?"

"அன்ரி, ஓடு கூரையில இருந்தால் நல்லது. தலையில விழுந்தால்?"

அது விளங்கியது. ஞாயிறில் மட்டும் ஏன் என்பதுதான் விளங்கவில்லை. நிரோசினி பொறுமையாகச் சொன்னாள். வாகனப் புகையும் பெற்றோல், பெயின்ற் மாதிரிச் சாமான்களின் ஆவியும் வெயிலில் வெந்துதான் ஓசோன் உண்டாகிறது. ஆனால் டீசல் புகை புதிதாக வெளியில் வரும்போது அதிலுள்ள ஒரு வாயு, கிட்டவுள்ள ஓசோனைத் தின்றுவிடும். ஞாயிறில் லொறிகள் குறைவு, அதனால் தின்கிற ஆள் குறைவு. வெயிலோ வழமைபோலச் சமைத்துக்கொண்டே இருக்கும். ஞாயிறுக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை? "பெரிய பட்டணங்களில இப்பிடி நடக்கிறதைக் கண்டிருக்கினம். எங்கட சின்ன ரவுணிலயும் நடக்குதோ எண்டு இன்னும் கன நாள் அளந்துதான் சொல்லலாம்," என்றாள்.

அந்தக் கடைசி வசனம் பரமலிங்கத்தின் காதில் ஏறவில்லை. 'லொறி ஓசோனைத் தின்னும்' என்ற இடத்திலேயே அவருடைய காது நிரம்பிவிட்டது.

அந்தக் கிழமை முழுக்க அவர் நடையே வேறு. அரிசி ஆலையில் மூட்டை இறக்கிறவர்களுக்குச் சொன்னார். தேத்தண்ணிக் கடையில் சொன்னார். "புகை புகையெண்டு என்னைத் திட்டினாக்கள் எல்லாம் இவ்வளவு நாளும் என்ர லொறியாலதான் மூச்சு விட்டிருக்கினம்." கேட்டவர்கள் ஆமோதித்தார்கள். கடன் கேட்காத கதையை ஆமோதிப்பதில் யாருக்கு என்ன நட்டம்?

ஞாயிறு வந்தது. வெயில் கொளுத்தியது. தொண்டைக்குள் முதல் அராவல் தெரிந்ததும் பரமலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டினார். லொறியைப் பின்னுக்கு எடுத்து, கௌசலா ரீச்சரின் மதிலோடு நிறுத்தினார். பக்கத்து வீட்டாருக்கும் பயன் கிடைக்கட்டும் என்ற நல்ல மனசுதான். எஞ்சினை நிறுத்தாமல் விட்டு, இடைக்கிடை அக்சிலேற்றரையும் ஒரு மிதி மிதித்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளுக்குச் சங்கீத வகுப்பு. சரளி வரிசை மேலே ஏறிக்கொண்டிருந்தது. புகையும் ஏறியது. 'ப' வரைக்கும் வந்த பிள்ளைகள் 'த' என்பதற்குப் பதிலாக ஒரே குரலில் இருமினார்கள். சுருதிப்பெட்டி மட்டும் தனியாகப் பாடியது.

கௌசலா ரீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"பரமலிங்கண்ணை! உங்களுக்கு என்ன பிடிச்சது?"

"ரீச்சர், உங்கட பிள்ளையளின்ர தொண்டைக்காகத்தான் ஸ்ராட் பண்ணி வைச்சிருக்கிறன். இண்டைக்கு ஓசோன் கூட."

"என்னது கூட?"

"ஓசோன். என்ர லொறி அதைத் தின்னுது."

"லொறி அதைத் தின்னட்டும். நாங்கள் எதைத் தின்னுறது? இந்தக் கரியையோ?" ரீச்சரின் வெள்ளைச் சேலையில் உண்மையாகவே பொட்டுப் பொட்டாகக் கரி விழுந்திருந்தது.

பரமலிங்கம் பதில் சொல்ல வாய் திறந்தார். இருமல்தான் வந்தது. கண்ணில் நீர் வழிய, "இது வேற இருமல்," என்றார்.

விமலேஸ்வரி லொறியில் ஏறித் திறப்பைத் திருகி எஞ்சினை நிறுத்தி, திறப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் நிரோசினி ஓட்டோ பிடித்து வந்திறங்கினாள். "ஐயா, நேற்று இஞ்ச என்ன நடந்தது? மத்தியானம் ஓசோன் இல்லாமலே போட்டுது. பெட்டி பழுதாப் போச்செண்டு நினைச்சன்."

பரமலிங்கத்தின் முகத்தில் விளக்கேற்றியது போல இருந்தது. "பாத்தியளோ! நான் சொன்னனான் எல்லே!" என்று நடந்ததை எல்லாம் சொன்னார்.

நிரோசினி கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். ஓசோன் கோடு தரையில் படுத்திருந்தது. பக்கத்தில் புகைக்கோடு, மேலே போய் மேலே போய்ப் படத்தை விட்டே வெளியேறியிருந்தது. "இது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை, ஐயா. இந்தப் புகை ஓசோனைவிடக் கெடுதி. அதோட இண்டைக்கு ஓசோனைத் தின்னுற புகைதான் பிறகு வேற இடத்தில போய் ஓசோன் ஆகும்."

விளக்கு அணைந்தது. அப்போதுதான் அவள் மூக்கைச் சுளித்தாள். "இதென்ன மணம்?"

"வாரும் பிள்ளை, காட்டுறன்," என்றாள் விமலேஸ்வரி. சந்தோசத்தில் அவளுக்குக் கால் தரையில் படவில்லை. மாமரத்தடியில் பெரிய பேசின் நிறையப் பெற்றோல். அதற்குள் லொறியின் நட்டுகள் ஊறிக் கிடந்தன. பக்கத்தில் மூடியில்லாத பெயின்ற் வாளியும் தின்னர்ப் போத்தலும். "ஒவ்வொரு ஞாயிறும் விடிஞ்சதில இருந்து இதுக்கு மேலதான் குனிஞ்சு நிக்கிறவர்."

"ஊர் ஓசோனுக்கு உங்களை மட்டும் குற்றம் சொல்லேலாது, ஐயா," என்றாள் நிரோசினி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஆனா காலமை முழுக்க இந்த ஆவியைக் குடிச்சால், ஓசோன் இல்லாமலும் இருமல் வரும்."

பரமலிங்கம் போய் ஒரு பலகை தேடி எடுத்து வந்தார். அதால் பேசினை மூடினார்.

அடுத்த கிழமையே லொறியைக் கராஜில் விட்டு, புகை கக்கிய சாமான்களை மாற்றினார். கரி நின்றது. கராஜிலிருந்து வந்த அன்று லொறி ஒழுங்கையைத் திரும்பியபோது யாரும் யன்னல் சாத்தவில்லை. அது அவருக்கு ஏனோ கொஞ்சம் மனவருத்தமாகவும் இருந்தது. நட்டுக் கழுவுவதை மூடியுள்ள வாளிக்கு மாற்றினார். பெயின்ற் அடிப்பது வெயில் தாழ்ந்த பிறகுதான். ஞாயிறு இருமல் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் கால்வாசிக்கு, மத்தியானம் வெளியில் திரியாமல் உள்ளே படுத்திருக்கும்படி நிரோசினி சொன்னதை விமலேஸ்வரியால் மறுக்க முடியவில்லை.

கௌசலா ரீச்சரும் நிரோசினியிடம் கேட்டிருக்கிறார். ஓசோன் குறைவான நேரம் விடியற்காலை என்று அவள் சொல்ல, சங்கீத வகுப்பு ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாறியது. கிழமையில் ஒரு நாள் விடிந்தும் படுத்திருக்கிற பாக்கியமும் பரமலிங்கத்துக்குப் போனது. முறையிட முடியுமா? எந்த வாயால்?

முதல் ஞாயிறு தலையணையால் காதைப் பொத்தினார். அடுத்த ஞாயிறு தேத்தண்ணியோடு மதிலடியில் போய் நின்றார். போன கிழமை ஸ்கந்தபுரத்தில் நெல் ஏற்றிக்கொண்டு வரும்போது, மாங்குளம் தாண்டியதும், ஸ்ரியறிங்கில் தாளம் போட்டபடி சரளி வரிசையை அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடினார். வீதியோரம் மேய்ந்த மாடுகள் தலையை நிமிர்த்திப் பார்த்தன. பரமலிங்கம் மேல் 'ச' வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.