சூசை அண்ணையின் காருக்கு முன்பிரேக்

கார் உதிரிப்பாகம் விற்கிற கடைக்கு யாரும் நல்ல செய்தியோடு வருவதில்லை. ஏதாவது உடைந்த பிறகுதான் வருவார்கள். உடைத்தவனே நான்தான் என்பது போல ஒரு பார்வையும் பார்ப்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 2009இல் லண்டனின் மனோர் பார்க்கில் நான் அப்படி நின்றபோது, ஒன்றும் உடையாமல் வந்த ஒரே வாடிக்கையாளர் சூசை அண்ணை. அவருடைய கார் உடைய வழியே இல்லை. அது இன்னும் காராகவே ஆகவில்லை.

பெரிசு

சூசை அண்ணை மன்னார்க்காரர். ஜெர்மனியில் பல வருஷம் இருந்துவிட்டு லண்டன் வந்து, குட்மேய்ஸில் வீடு வாங்கி, அந்த வீட்டுக் கராஜில் ஒரு கிட் கார் கட்டிக்கொண்டிருந்தார். அதாவது, காரின் உடம்பும் சட்டமும் பெட்டியில் வரும். எஞ்சினையும் மற்றதையும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றி நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பேர்தான் இருக்கலாம், கூரை கிடையாது. லண்டன் மழைக்குக் கூரையில்லாத கார் எதற்கு என்று நான் கேட்கவில்லை. வியாபாரத்தில் கேட்கக்கூடாத கேள்விகள் சில உண்டு.

அவர் வந்தது முன்பிரேக் வாங்க. பழைய காரின் பிரேக்கையே பூட்டலாம், அதைவிடக் கொஞ்சம் பெரியதைப் பூட்டலாம், அல்லது பந்தயக் கார்களுக்குப் போடுகிற பெரிய டிஸ்க்கைப் பூட்டலாம். கண்ணாடி அலமாரியில் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்த அந்தப் பந்தய ஜோடியில்தான் அவருக்குக் கண். இவ்வளவு இலேசான காருக்கு அது கூடாது, மிதித்தவுடனே சில்லு சுழலாமல் இறுகி நின்றுவிடும், கார் மட்டும் வழுக்கிக்கொண்டு போகும் என்று சொன்னேன். அவர் என்னைப் பரிதாபத்தோடு பார்த்தார். "தம்பி, கலியாண வீட்டிலை சோத்துப் பானையைச் சின்னனா வைக்கிறவையோ? பெரிசாத் தாரும்."

முதலாளியின் வயிற்றெரிச்சல்

அன்று நான் ஒன்றும் விற்கவில்லை. யோசித்துவிட்டு வாருங்கள் என்று அவரை அனுப்பியதை முதலாளி உள்ளறையிலிருந்து கேட்டுவிட்டார். அந்தச் சிவப்பு ஜோடி தூசி பிடிப்பதைத் தினமும் பார்த்து வயிறெரிகிற மனுஷன். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வயிற்றெரிச்சலில்தான் என் சம்பளமும் ஓடியது. "ஆள் கேக்கிற சாமானை எடுத்துக் குடு. புத்தி சொல்ல அவருக்குக் கோயிலிலை சுவாமியார் இருக்கிறார்."

பக்கத்து இருக்கை

அடுத்த கிழமை அண்ணை திரும்பி வந்தார். கடையில் வேறு ஆட்கள் இல்லாததால் விஷயம் வெளியே வந்தது. ஜெர்மனியில் ஒரு பனிக்காலத்தில் அவர் ஓட்டிய கார் வழுக்கி மரத்தில் மோதியிருக்கிறது. பக்கத்து இருக்கையில் அவருடைய மனைவி பிலோமினா அக்கா. அக்காவின் காலில் கம்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு அக்கா எந்தக் காரிலும் ஏறவில்லை. ஞாயிறு பூசைக்கு அண்ணை காரில் போவார், அக்கா பஸ்ஸில் போவார், மாதா கோயில் வாசலில் சந்தித்துக்கொள்வார்கள்.

இரண்டே இருக்கை வைத்து அவர் ஏன் கார் கட்டுகிறார், அந்த இரண்டாவது யாருக்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் கவுண்டரில் கிடந்த ஒரு நட்டை உருட்டிக்கொண்டே சொன்னார்: "அண்டைக்கு நான் பிரேக்கை நல்லா அழுத்தினனான் தம்பி. கார் நிக்கேல்லை."

எட்டுத் தராசு

அன்று சில்லு இறுகியதால்தான் கார் வழுக்கியது, பெரிய பிரேக் போட்டால் இதிலும் அதேதான் நடக்கும் என்று ஒருவழியாக அவருக்கு விளங்கவைத்தேன். அப்படியானால் காரின் நிறையைப் பார்த்துத்தான் பிரேக்கைத் தேர்வு செய்ய வேண்டும். அண்ணை பூசைக்கு வந்தவர்களிடம் குளியலறைத் தராசுகளை இரவல் வாங்கினார். நானும் அவருடைய கராஜுக்கு உதவிக்குப் போனேன். ஒவ்வொரு சில்லுக்கும் இரண்டு தராசு, மேலே ஒரு பலகை. கூட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் சம்பந்தமில்லாமல் குறைந்து நின்றது. சட்டம் கோணலோ என்று காருக்கு அடியில் படுத்துத் தேடினோம். கடைசியில் அந்தப் பக்கத் தராசுகளில் நானே ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் நின்ற நிலையில் ஆறு கிலோ மெலிந்திருந்தேன். அண்ணை தலையில் கை வைத்தார். "அது பூசைக்கு வாற சில்வியாவின்ரை தராசு. வீட்டை வாற ஆக்களின்ரை மனம் நோகாத மாதிரி முள்ளைக் குறைச்சுத் திருப்பி வைச்சிருக்கிறா."

மூன்று மூட்டை

காரின் நிறை கிடைத்தது, அண்ணையின் நிறையும் கிடைத்தது. பக்கத்தில் இருப்பவரின் நிறையும் வேண்டுமே! இவ்வளவு இலேசான காரில் ஒரு ஆள் ஏறினாலே கணக்கு மாறிவிடும். அக்காவிடம் போய்க் கேட்கிற துணிச்சல் எங்கள் இருவருக்கும் இல்லை. அண்ணை உள்ளே போய், ஈஸ்ட் ஹாமில் வாங்கி வைத்திருந்த இருபது கிலோ அரிசி மூட்டைகளில் மூன்றைத் தூக்கி வந்து, பக்கத்து இருக்கையில் அடுக்கி, பெல்ட்டும் மாட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அக்கா தேத்தண்ணீரோடு வந்தார். மூட்டைகளைப் பார்த்தார், பிறகு அண்ணையைப் பார்த்தார். அண்ணை அவசரமாக ஒரு மூட்டையை இறக்கப் போய், அது இன்னும் பிழையாகிவிடும் என்று பயந்து, பாதியில் அப்படியே நின்றார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா கோப்பைகளைப் பொனட்டின் மேல் வைத்தார். "அரிசியையே ஏத்திக்கொண்டு திரியுங்கோ. அது பயப்பிடாது."

பஸ்ஸில் வந்தவர்

அந்தக் கிழமையே அக்கா தனியாகக் கடைக்கு வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கவுண்டரில் நின்றவர்கள் எல்லோரும் போகும்வரை அக்கா எண்ணெய்ப் போத்தல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அண்ணை எதை வாங்கப் போகிறார் என்று கேட்டார். சிவப்பு ஜோடியை விட்டாயிற்று, மற்ற இரண்டில் ஒன்று என்று எடுத்து வைத்தேன். அக்கா ஒரு டிஸ்க்கை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"இது நிக்குமோ, தம்பி?" என்றார். "நிக்கும் அக்கா. வழுக்காமல் நிக்கும். ஆனால் ஏறுகிற ஆளுக்கு ஏத்த மாதிரித்தான் போடவேணும்" என்றேன். அக்கா வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கவுண்டரில் சாய்ந்து, மெதுவாக ஒரு எண்ணைச் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன், நீங்களும் எதிர்பார்க்கக் கூடாது. "அவரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. ஆனால் கணக்கிலை போடுங்கோ."

சிவப்பு விளக்கு

அக்கா சொன்னதையே கணக்கில் போட்டு, மூன்றில் நடுவில் இருந்த ஜோடியைத்தான் கொடுத்தேன். முதலாளி இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்த வருஷம் இப்படி வீட்டில் கட்டுகிற கார்களுக்கான சோதனையைப் புதிதாக இறுக்கியிருந்தார்கள், அதையும் கார் தாண்டிவிட்டது. ஒரு சனிக்கிழமை கடை வாசலில் ஹோர்ன் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் பிலோமினா அக்கா. தலையில் துணி, மேலே மழைக்கோட்டு, ஒரு கை கதவோரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது, இரண்டு காலும் காரின் தரையை மிதித்தபடி. ஆனால் இருந்தார்.

அண்ணை மட்டும் இறங்கி உள்ளே வந்தார். கண் கலங்கியிருந்தது, வாயெல்லாம் சிரிப்பு. "சந்தியிலை சிவப்பு விழுந்தது. அழுத்தினன். சொன்ன இடத்திலை நிண்டது. ஒரு விஷயந்தான் எனக்கு விளங்கேல்லை. அரிசி மூட்டைக்குப் போட்ட கணக்கு இவவுக்கு எப்பிடித் தம்பி இவ்வளவு பொருந்தினது?"

ஒரு ஜோடி முன்பிரேக் விற்க எனக்குக் கிழமைக்கணக்கில் பிடித்தது, முதலாளி அதற்காக என்னை மெச்சவுமில்லை, ஆனால் பிலோமினா அக்காவின் சரியான நிறை தெரிந்த ஒரே ஆண்பிள்ளை இன்றுவரை லண்டனில் நான்தான்.