நான்கு அடி நகர்ந்த கல்

எங்கள் தோட்டத்தில் ஒரு கல் தானாகவே நான்கு அடி நகர்ந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் நான் வைத்திருந்த அதிசய நோட்டில் நாற்பத்தேழாவதாக இது பதிவாகியிருக்கிறது. முந்தைய நாற்பத்தாறும் இரவல். நாள்காட்டித் தாளின் பின்பக்கம், சிறுவர் இணைப்பு, வடை மடித்து வந்த காகிதம் என்று கண்ட இடத்தில் பொறுக்கியவை. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். திண்டுக்கல் மலைக்கோட்டையில் இருப்பதாகச் சொல்லும் சுரங்கம் எங்கே போய் முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்கப் பாலைவனம் ஒன்றில் பாறாங்கற்கள் தடம் பதித்துக்கொண்டு தாமே நகர்கின்றன, ஏன் என்பது புதிர். இந்தக் கடைசி அதிசயத்தின் கீழ் சிவப்பு மையில் மூன்று கோடு போட்டிருந்தேன்.

நாற்பத்தேழாவது மட்டும்தான் சொந்தச் சரக்கு.

வடமதுரைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம். பாதியில் சம்பங்கி, மீதியில் கத்திரியும் வெண்டையும், வரப்போரமாக ஏழு தென்னை. அந்த வருடம் கிணறு வற்றிப்போனது. அப்பா ஒரு போர் போட்டுப் பார்த்தார். அதில் புகைதான் வந்தது. தண்ணீருக்குப் பதிலாகக் குழியிலிருந்து பாறைத்தூள் கிளம்பினால் எங்கள் பக்கம் அதைப் புகை என்றுதான் சொல்வார்கள்.

அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தவர் என் தாய்மாமா. சாணார்பட்டியில் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவருக்கு நீரோட்டம் பார்ப்பது உபதொழில். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பார். மண்ணுக்குள் தண்ணீர் ஓடும் இடம் வந்தால் தேங்காய் எழுந்து, குடுமி வானத்தைப் பார்க்க நிற்கும். ஏன் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. யார் கையில் நிற்கும் என்பது மட்டும் ஊருக்கே தெரியும். ஓ பாசிட்டிவ் ரத்தக்காரர் கையில்தான் நிற்கும். மாமா ஓ பாசிட்டிவ்.

இன்னொரு போர் போடலாம் என்று பேச்சு வந்தபோது அப்பா கத்திரிச் செடிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இதுலயும் தண்ணி வரலைன்னா திருப்பூருக்கு வண்டி ஏறிட வேண்டியதுதான். பனியன் கம்பெனியில ஆள் எடுக்குறாகளாம்."

விடியற்காலையில் சம்பங்கி பறிக்கும்போது என் அதிசயங்களைக் கேட்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆள் அப்பாதான். "மூனு இதயமா! அம்புட்டையும் வச்சுக்கிட்டு அது என்ன ஆத்தா செய்யும்?" என்று பத்தாவது தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் வாயைப் பிளப்பார். அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே என்னால் முடியவில்லை.

இரண்டாவது முறை வந்த மாமா கொஞ்சம் அடக்கமாகவே இருந்தார்.

"மச்சான், ஏங் கைக்கு இந்த மண்ணு ஒத்துவரல. வேற கை வேணும்."

வீட்டில் ரத்த ஆராய்ச்சி தொடங்கியது. அப்பா பி பாசிட்டிவ். அம்மாவுக்குத் தன் ரத்தம் சிவப்பு என்பதற்கு மேல் விவரம் தெரியாது. ஆணியில் தொங்கிய என் பள்ளி அடையாள அட்டையை மாமா எடுத்துப் பார்த்தார்.

"அடேயப்பா, நம்ம மருமக ஓ பாசிட்டிவ்!"

நான் மாவட்டத்திலேயே முதல் மதிப்பெண் வாங்கியதுபோல் இருந்தது அவர் குரல்.

என் கையில் தேங்காயை வைத்தார்கள். மாமா முன்னால் நடக்க, அப்பா என் பக்கத்தில் வர, அம்மா மஞ்சள் கரைத்த கிண்ணத்தோடு பின்னால் வந்தாள். அதிசயங்களை எழுதிக்கொண்டிருந்தவள் ஒன்றை நடத்திக் காட்டப் போகிறேன் என்று பெருமையாகத்தான் கிளம்பினேன். தேங்காய் அசையவில்லை. சம்பங்கிப் பாத்திகளைச் சுற்றினோம், கத்திரிக்காட்டைச் சுற்றினோம், செத்துப்போன போரையும் ஒரு சுற்றுச் சுற்றினோம். என் கையில் தேங்காய் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"போதும்டா, பிள்ளைக்குக் கை வலிக்கும்" என்று மாமாவிடம் சொன்னாள் அம்மா.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே ஏதோ ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது திருப்பூர் பஸ்ஸாகவே தெரிந்தது. அப்போது நாங்கள் மூன்றாவது தென்னையைத் தாண்டியிருந்தோம். நான் விரல்களை மெல்ல, மிக மெல்ல மடக்கினேன். குடுமி மேலே எழும்பியது. இன்னும் கொஞ்சம் மடக்கினேன். தேங்காய் நின்றது.

"நின்னுருச்சு! நின்னுருச்சு மச்சான்!" என்று மாமா கத்தினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா மட்டும் தேங்காயைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, இங்கயே போடுவோம்" என்றார்.

அந்த இடத்தில் அம்மா ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தாள். நான் தென்னையிலிருந்து கல் வரைக்கும் குதிகாலும் விரலுமாக அடி வைத்து அளந்தேன். பதினோரு அடி. கண்டுபிடிப்பு நடந்த இடத்தைக் குறித்துவைக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்ததால் நோட்டிலும் எழுதிக்கொண்டேன். திருட்டுத்தனம் செய்தாலும் முறையாகச் செய்கிற பிள்ளை நான்.

போர் வண்டி வர நான்கு நாளாயிற்று. அந்த நான்கு நாளும் நான் சாமியிடம் பேரம் பேசினேன். எப்படியாவது அங்கே தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிடும்படி கேட்டுக்கொண்டேன்.

வண்டி வந்த அன்று எனக்குப் பள்ளிக்கூடம். சாயங்காலம் ஓடிவந்தபோது சம்பங்கிச் செடி, தென்னை ஓலை, அப்பாவின் புருவம் எல்லாமே சாம்பல் நிறமாக இருந்தன.

"புகைதாண்ணே" என்று வண்டிக்காரர் ராடுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

அன்று நான் சாப்பிடவில்லை. அம்மா தட்டை வைத்துக்கொண்டு கெஞ்சியபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்னாலதாம்மா. எல்லாம் என்னாலதான்."

"நீ என்னடி செஞ்ச? தேங்காயில்ல காட்டுச்சு" என்றாள் அம்மா. விரலை மடக்கிய கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசலில் அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றும் அவர் செத்த நேரம் உள்ளே வரவில்லை.

மறுநாள் காலையில் அந்தத் தேங்காய் சட்னியாக இட்லியோடு வந்து உட்கார்ந்திருந்தது. அதைத் தொடாமல், சீருடையைப் போட்டு, பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தோட்டத்திலிருந்து அப்பா கூப்பிட்டார்.

"ஆத்தா, இங்க ஓடியா. இந்தக் கூத்தைப் பாரு."

போன இடத்தில் மூடிபோட்ட புதுக்குழி இருந்தது. அதைத் தாண்டிக் கல் நின்றது. மஞ்சளும் குங்குமமும் அப்போதுதான் வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தன.

"கல்லு இங்க இருக்கு, வண்டிக்காரன் நாலடி தள்ளிப் போட்டுட்டான். நானும் கவனிக்கல, ஏம் புத்தியச் சொல்லணும். நீ காட்டுன எடம் சரிதான் ஆத்தா. தண்ணி இதுக்கு அடியில கெடக்கு" என்று என் தோளைப் பிடித்து அணைத்துக்கொண்டார்.

நான் சந்தேகப் பிராணி. தென்னையிலிருந்து மறுபடியும் அளந்தேன். குழிக்குப் பதினோரு அடி, கல்லுக்குப் பதினைந்து. வண்டிக்காரர் தப்பு செய்யவில்லை, கல்தான் நகர்ந்திருக்கிறது! பாலைவனத்துக் கற்கள் சட்டென்று நினைவுக்கு வந்தன. என் விரல் சொன்ன பொய்யைக் கல் திருத்தியிருக்கிறது, உண்மையான தண்ணீரைத் தேடித் தானே போய் நின்றிருக்கிறது. வேறு எப்படி இருக்க முடியும்? அங்கேயே குந்தி உட்கார்ந்து, பையிலிருந்த நோட்டை எடுத்து எழுதினேன். அதிசயம் 47. காரணம்: நீரோட்டம். பிறகு வீட்டுக்குப் போய் ஆறு இட்லி சாப்பிட்டேன், சட்னியோடு.

அடுத்த வாரமே அப்பா திருப்பூருக்குப் போய்விட்டார். அழுதேன். ஆனால் அது வேறு அழுகை, குற்றவாளியின் அழுகையில்லை. இரண்டு வருடம், அவர் போன் செய்யும்போதெல்லாம் தவறாமல் நினைவுபடுத்தினேன்.

"அப்பா, நாலடி தள்ளி. மறந்துறாதீங்க."

"மறப்பேனா ஆத்தா? வந்ததும் போட்டுருவோம்" என்று அவரும் தவறாமல் சொன்னார். பிறகு நல்ல மழை பெய்து, பழைய கிணறே ஊறி, அப்பா திரும்பி வந்தார். அங்கே போர் போடவேயில்லை. கேட்பதை நானும் எப்போதோ விட்டுவிட்டேன்.

வளர்ந்து கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒருநாள் பஸ்ஸில் போகும்போது, அந்தப் பாலைவனப் புதிரை விஞ்ஞானிகள் அவிழ்த்துவிட்டதாகப் போனில் படித்தேன். குளிர்காலத்தில் அங்கே தேங்கும் தண்ணீரின்மேல் மெல்லிய பனித்தகடு படர்கிறதாம். காற்று அந்தத் தகட்டைத் தள்ள, தகடு கல்லைத் தள்ளுகிறதாம். அவ்வளவுதான். எதுவும் தானாக நகர்வதில்லை.

சிரித்துக்கொண்டே அந்த வரியை மறுபடியும் படித்தேன். வடமதுரையில் பனித்தகடு ஏது? அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, அந்த மஞ்சக் கல்லை நீங்கதான நகத்துனீங்க?"

"எந்தக் கல்லு?" என்றார். பிறகு, "சாப்டியா ஆத்தா?"

நான் விரலை மடக்கியதை அவர் அன்றே பார்த்துவிட்டாரா, பார்த்துவிட்டும் அதே இடத்தில்தான் போர் போட்டாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் அவிழாத புதிர்.

கல் நகர்ந்தது புதிராக இருந்திருக்கவே வேண்டியதில்லை. அன்று பள்ளிக்கூடம் கிளம்பும்போது, வெள்ளைச் சட்டைத் தோளில் ஈர மஞ்சளைப் பார்த்து, எங்கே போய் அப்பிக்கொண்டு வந்தாய் என்று அம்மா திட்டினாள். நான்கு விரல், ஒரு கட்டைவிரல், முழுசாக ஒரு கை. தெரியாதும்மா என்றேன். உலகத்து அதிசயங்களையெல்லாம் கையில் வைத்திருந்த எனக்கு, உண்மையாகவே தெரியவில்லை.