விருத்தாசலத்துக்குத் தனியாகப் போனேன்

புதன்கிழமை, எழும்பூரிலிருந்து முற்பகல் வண்டி. எனக்கு ஜன்னல் ஓர இருக்கை. காலடியில் ஓர் அட்டைப்பெட்டி, அதற்குள் கணினிகளை இணைக்கும் இரண்டு ஸ்விட்ச், ஒரு ரவுட்டர், ஒரு சுருள் கேபிள், கேபிள் முனையில் பிளக் பொருத்துவதற்கான கிரிம்பிங் கருவிகள். எதிர் இருக்கையில் செங்கல்பட்டில் ஏறிய ஒரு பெண்மணி பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கே போகிறேன், என்ன வேலை என்றெல்லாம் விசாரித்தார். சொன்னேன். நெட்வொர்க் நிறுவனத்தில் இன்ஜினியர். விருத்தாசலத்தில் ஓர் அறக்கட்டளை பெண்களுக்கு மூன்று மாத நெட்வொர்க்கிங் பயிற்சி நடத்துகிறது. கடைசி மூன்று நாள் செய்முறை வகுப்பு என்னுடையது. முடித்தவர்களில் நான்கு பேருக்குச் சென்னையில் எங்கள் நிறுவனத்திலேயே வேலை.

"தனியாவா போறீங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க, தனியாத்தான்" என்றேன். அந்தப் பதில் எனக்கு எப்போதும் பிடிக்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மற்றவர்கள் போகாத தூரத்துக்குப் போய்விட்டேன் என்பதை யாராவது கேட்டால்தான் எனக்கே நம்பிக்கை வரும்.

விழுப்புரத்தில் அந்தப் பெண்மணி இறங்கினார். அவர் இறங்கிய அதே வாசல் வழியாக, ஒரு துணிப்பையும் புளிச்சோற்று டப்பாவுமாக என் அம்மா ஏறினாள்.

எங்கள் ஊர் திருக்கோவிலூர்ப் பக்கம். நான் வேலையில் சேரும்போது வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். வெளியூரில் இரவு தங்க வேண்டிய வேலை என்றால் அம்மா துணைக்கு வருவாள். அதற்குச் சம்மதித்துத்தான் சென்னைக்குப் போனேன். அதன்படி அம்மா கூலி வேலையை விட்டுவிட்டு, சேலத்துக்கும் திருச்சிக்கும் நாகர்கோவிலுக்கும் என்னோடு வந்திருக்கிறாள். இதை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

மதியம் ஒன்றரை மணிக்கு விருத்தாசலம் ஜங்ஷன். ஊர் அங்கிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த லாட்ஜுக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். வழி முழுக்க அலுவலகத்திலிருந்து போன். மதுரையில் ஏதோ ஒரு லிங்க் விழுந்துவிட்டது. நான் ஒரு காதில் போனும் மறு காதில் விரலுமாக இருந்தேன். அம்மாவும் ஆட்டோக்காரரும் பேசிக்கொண்டே வந்தார்கள். அம்மா எந்த ஊர் ஆட்டோவில் ஏறினாலும் இப்படித்தான். நடுவில் ஒரு வாக்கியம் மட்டும் காதில் விழுந்தது: "வெளியூருன்னா நான் தொணைக்கு வந்துருவேங்க, அதுக்கு ஒரு தெம்பு." ஆட்டோக்காரரின் காக்கிச் சட்டை முதுகைத்தான் பார்த்தேன். இறங்கும்போதுகூட போனில் பேசிக்கொண்டே பணத்தை நீட்டினேன்.

சாயங்காலம் பயிற்சியின் ஒருங்கிணைப்பாளர் பிரேமா லாட்ஜுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், ஸ்கூட்டியில் ஊரையே சுற்றுகிறவர். ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசித்தான் இருபது பெண்களைச் சேர்த்ததாகச் சொன்னார். அறைக்குள் அம்மா ஈரப் புடவையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். யார் என்று பிரேமா கண்ணாலேயே கேட்டார்.

"எங்கம்மா. பழமலைநாதர் கோயில பாக்கணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாங்க. சரி, வாங்கன்னு கூட்டியாந்தேன்."

அம்மா குளியலறைப் பக்கம் போயிருந்தாள். கேட்கவில்லை. பிரேமாவின் முகம் மலர்ந்தது. "பாருங்க, சம்பாதிக்கிற பொண்ணு அம்மாவ கோயிலுக்கு கூட்டிட்டு வருது. இத எங்க புள்ளைங்ககிட்ட சொல்லணும்." அம்மா வந்ததும், கோயிலில் எல்லாமே ஐந்து ஐந்தாக இருக்கும், நிதானமாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை நானே அம்மாவைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். சாயங்காலம் வரை அங்கேயே இரு என்றேன். லாட்ஜில் தனியாக இருந்தால் போரடிக்கும் என்று காரணம் சொன்னேன்.

வகுப்பு பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில், ஒரு மாடி அறையில். படியேறும்போதே சூளைப் புகைபோக்கிகள் தெரிகின்றன. அறைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க, மின்கம்பத்தில் மாட்டும், உடைந்துபோன பீங்கான் இன்சுலேட்டர் ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். எந்தக் கருவியைத் தொட்டாலும் விரலில் வெள்ளைத் தூசி. பெண்கள் அதைத் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்கள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்தும் பெண்ணாடத்திலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்கள் பாதிப் பேர். ஊருக்குள்ளேயே இருந்து, அம்மாவோடு பொம்மைக்கு வர்ணம் பூசிவிட்டு வருகிறவர்கள் மீதிப் பேர்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். நிற வரிசை தப்பாமல் அடுக்கி, சமமாக வெட்டி, பிளக்குக்குள் தள்ளி, ஒரே அழுத்து. ஒரு கம்பி மாறினாலும் அந்தப் பக்கத்துக் கணினி இந்தப் பக்கத்துக்குப் பதில் சொல்லாது. முதல் நாள் அறை முழுக்க வெட்டி எறிந்த பிளக்குகள். மேகலா என்ற பெண்தான் முதலில் சரியாகச் செய்தாள். கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரில் விளக்குகள் வரிசையாக எரிந்ததும் அதைத் தூக்கிப் பிடித்து, "மேடம், சீரியல் செட்டு போட்டாச்சு, திருவிழாவ ஆரம்பிங்க" என்றாள். வகுப்பே சிரித்தது.

வெள்ளிக்கிழமை, அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஸ்விட்சின் ஒரு கேபிளை அரைகுறையாக இழுத்து வைத்துவிட்டு, திரும்பி வந்ததும் கோளாறு எங்கே என்று கேட்டேன். மற்றவர்கள் கணினியில் கட்டளைகளைத் தட்டிக்கொண்டிருக்க, மேகலா எழுந்து போய் ஸ்விட்சின் விளக்குகளைப் பார்த்தாள். அணைந்திருந்ததைத் தொட்டாள். அழுத்தினாள். எரிந்தது. பெரிய நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுகளில்கூடப் பலர் முதலில் அங்கே போவதில்லை. அன்றே பிரேமாவிடம் நான்கு பெயர்களைச் சொன்னேன். முதல் பெயர் மேகலா.

பிரேமா பெருமூச்சு விட்டார். வேலை கிடைத்தால் அனுப்புவீர்களா என்று எல்லா வீட்டிலும் முன்பே கேட்டு வைத்திருந்தார்; மற்ற மூன்று பேர் வீட்டில் சரி என்றுவிட்டார்களாம். மேகலாவின் அப்பா மட்டும் இதோ அதோ என்று இழுக்கிறார். வீட்டில் அத்தைமார்கள் வேறு, அனுப்பக் கூடாது என்று பேசுகிறார்கள். திங்கட்கிழமைக்குள் பெயரை உறுதி செய்யாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். "நாளைக்கு பெத்தவங்க கூட்டம். நீங்க பேசுனா கேப்பாங்க. உங்களத்தான் நம்பி இருக்கேன்" என்றார்.

அன்று மாலை பிரேமா என்னை லாட்ஜில் இறக்கிவிட்டபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள். "சாமி பாத்தாச்சாம்மா?" என்று சத்தமாகக் கேட்டேன். இரண்டாம் நாளாகக் கோயிலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "பாத்தேன், நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

சனிக்கிழமை பிற்பகல் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் அப்பாக்கள், அம்மாக்கள், இரண்டொரு அண்ணன்மார். பீங்கான் கப்பில் டீ. அம்மா கோயிலுக்காக மட்டும் வந்தாள் என்று நம்பிய பிரேமா, என்னை அறிமுகப்படுத்தும்போது, சென்னையிலிருந்து தனி ஆளாக வந்து மூன்று நாளாக வகுப்பு எடுக்கிறவர் என்றார். கை தட்டினார்கள். அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். மைக்கை வாங்கி, அதையே இன்னும் நீட்டினேன். எங்கள் வீட்டில் நான்தான் முதலில் படித்தவள் என்றேன். அது உண்மை. ஆறு வருடமாகத் தமிழ்நாடு முழுக்கத் தனியாகப் போய் வருகிறேன், எங்கள் வீட்டில் யாரும் துணைக்கு வந்ததில்லை, வர வேண்டும் என்று கேட்டதும் இல்லை, பெண்ணை நம்பினால் அவள் வருவாள் என்றேன். விழுப்புரம் வரை தனியாகத்தானே வந்தேன் என்று மனசுக்குள் ஒரு கணக்கும் போட்டுக்கொண்டேன். பிறகு சென்னை விடுதியைப் பற்றிச் சொன்னேன். நானே இரண்டு வருடம் தங்கிய விடுதி, வாசலில் காவல் உண்டு, ஒன்பது மணிக்கு மேல் யாரும் வெளியே போக முடியாது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

கூட்டம் கலைந்து படியிறங்கும்போது மேகலா தன் அப்பாவோடு நின்றிருந்தாள். ஏழுமலை. வெளுத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை, தலையில் தண்ணீர் தொட்டு வாரிய முடி. வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.

"என்னத் தெரியலீங்களா?" என்றார். "புதன்கெழம டேசன்லேந்து உங்களையும் அம்மாவையும் ஏத்தியாந்தேனே."

முதலில் சட்டையைத்தான் பார்த்தேன். காக்கி இல்லாததால் தெரியவில்லை என்பதுபோல. பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அவர் குரலை உயர்த்தவில்லை. மற்றவர்கள் தாண்டிப் போகும்வரை காத்திருந்துவிட்டுத்தான் பேசினார். அன்று ஆட்டோவில் அம்மா சொன்னதைக் கேட்ட பிறகுதான் அவருக்குத் தைரியம் வந்ததாம். பெரிய வேலையில் இருக்கிற பெண்ணுக்கே ஒருவர் துணைக்கு வருகிறார்கள் என்றால், முதல் மாதம் தானும் சென்னையில் போய் இருந்து, அங்கேயே யாருடைய ஆட்டோவையாவது ஓட்டிக்கொள்ளலாம் என்று வீட்டில் பேசி, மேகலாவின் அத்தைகளான தன் தங்கைகளிடம் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கியிருந்தார். சரி என்று சொல்லத்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"இப்ப மைக்குல வேற மாரி சொல்றீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த ஆஸ்டலு நல்ல ஆஸ்டலுன்னு சொன்னீங்களே, அதுவும் இந்த மாரிதானா?"

"இல்லீங்க. அது நெசமாவே நல்ல ஆஸ்டல்" என்றேன். அந்த 'நெசமாவே' வாயிலிருந்து வந்ததும் முகம் சுட்டது.

"வூட்ல கேட்டு சொல்றேங்க" என்று அவர் இறங்கிப் போனார். மேகலா இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள். சீரியல் செட்டு என்று சிரித்த பெண் அல்ல அது. "அம்மா கூட வந்தேன்னு சொல்லியிருந்தீங்கன்னா, எங்கப்பா அங்கயே சரின்னு சொல்லியிருப்பாரு மேடம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கேபிள் எங்கே கழன்றிருக்கிறது என்று காட்டியதுபோல்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்டேஷனுக்குப் போக ஏழுமலையின் ஆட்டோவையே வரச் சொல்லியிருந்தேன். எண் பிரேமாவிடம் வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்டபோது, நடந்ததை அவரிடமும் சொல்லிவிட்டேன்.  "நான் இருபது வூட்ல போய் பேசுனேன் மேடம்" என்றார், அவ்வளவுதான்.

ஆட்டோ பாலத்தைத் தாண்டியதும் பேச ஆரம்பித்தேன். அம்மா துணைக்கு வந்ததை மறைத்தேன், கோயிலுக்கு வந்ததாகச் சொன்னேன், கூட்டத்தில் பேசியது பொய், விடுதியைப் பற்றிச் சொன்னது உண்மை. அம்மா பக்கத்தில் இருந்தாள். அவளுக்கும் இதெல்லாம் அப்போதுதான் தெரியும். அவள் பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

ஏழுமலை கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் சாலையையே பார்த்து ஓட்டினார். "சின்ன வயசு, சொல்லத்தான் தோணும், பரவால்லீங்க" என்றார். ஆனால் மேகலாவை இந்தத் தடவை அனுப்பவில்லை என்றார். வீட்டில் அத்தைகளிடம் அவர் சாட்சியாகச் சொன்னதே என் அம்மாவைத்தான். கூட்டத்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் மூலம் நான் பேசியது அவர்கள் காதுக்குப் போய்விட்டது. "அந்தப் பொண்ணு தனியாத்தான் வருதாமே, எந்த அம்மாவ நீ பாத்தன்னு எங்க தங்கச்சி கேக்குது. நான் பொய் சொன்ன மாரி ஆயிருச்சு." அடுத்த வருடம் பயிற்சி நடந்தால் பார்க்கலாம் என்றார்.

நான் உங்கள் வீட்டுக்கு வந்து அவர்களிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். இனி நான் எதைச் சொன்னாலும் அவர்கள் நம்பப் போவதில்லை என்பது எனக்கும் புரிந்தது. இறங்கியதும் அம்மாதான் பணம் கொடுத்தாள். "அந்தப் புள்ளைய படிக்க வச்சதோட வுட்றாதீங்க" என்று மட்டும் அவரிடம் சொன்னாள்.

பிளாட்பாரத்தில் வண்டிக்கு இன்னும் நேரமிருந்தது.  அம்மா புளிச்சோற்று டப்பாவைக் குழாயடியில் மறுபடியும் கழுவி, துடைத்து, பைக்குள் வைத்தாள். புதன்கிழமையே காலியாகிக் கழுவி வைத்த டப்பாதான் அது. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

வண்டியில் எதிரே ஒரு குடும்பம். பெண்ணாடத்துக்காரர்கள், சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்கள். மடியில் குழந்தையை வைத்திருந்த பெண் பேச்சுக் கொடுத்தாள். என் அட்டைப்பெட்டியைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "எங்க போய்ட்டு வரீங்க? பொண்ணுக்குத் தொணைக்கு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

யாராவது அதைக் கேட்டுவிட மாட்டார்களா என்று அம்மா எந்தப் பயணத்திலும் காத்திருப்பாள். கேட்டதும் மகளின் வேலை, சம்பளம், போன ஊர்கள் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள்.

"இல்லீங்க" என்றாள் அம்மா. "எம்பொண்ணு தனியாத்தான் வந்துச்சு. நான் கோயிலப் பாக்கலாமேன்னு சும்மா கூட வந்தேன்."

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள்.